பதினோராம் நாளுக்கு முன்

அமீரகத்தில், அல் ஐன் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அவள் கையில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் மனைவியின் பெயர்தான் இருந்தது. கடைச் சாமானில் ஒட்டிய சீட்டு மாதிரி அது என்னை உறுத்தியது.

ஊர் ஜோசியர் பெயருக்கான முதல் எழுத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அசுவினி மூன்றாம் பாதம், 'சோ'. அந்த எழுத்தில் இருந்த தமிழ்ப் பெயர்களை எல்லாம் எங்கள் அத்தைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இன்குபேட்டர் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து போனில் துழாவினேன். சோபியா என்று வந்தது. கிரேக்கம், ஞானம் என்று பொருள். அப்புறம் எழுத்தை மறந்து கிரேக்கப் பெண் பெயர்களாகப் படித்துக்கொண்டே போனேன். ஐரீன், அமைதி. க்ளோயி, பச்சைத் தளிர். மெலிசா, தேனீ. தியோடோரா, கடவுள் தந்த பரிசு. மூச்சுக்கே திணறும் குழந்தைக்கு ஞானம் எதற்கு? கடைசியில் சோயி கண்ணில் பட்டது. உயிர் என்று பொருள். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஓரிடத்தில் ஏவாளுக்கு இந்தப் பெயரையே போட்டார்களாம். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனம் ஆகாமல் பெயர் வைக்கும் வழக்கம் தன் வீட்டில் கிடையாது என்றாள். முந்திக்கொண்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இந்த ஊரில் வந்துமா சாஸ்திரம் என்று எரிந்து விழுந்தேன். ஜோசியரிடம் எழுத்து கேட்டவன் நான்தான்.

வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். அவள் போவாள், நான் வெளியே இருப்பேன். பதினோராம் நாளுக்காக இருவரும் காத்திருந்தோம்.

ஒன்பதாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது.

சான்றிதழ் கவுண்டரில் இருந்த மலையாளி பெயர் கேட்டார். வைக்கவில்லை என்றால் பட்டையில் இருப்பதையே எழுதிக்கொள்ளலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். தலையாட்டினேன். உயிர் என்று பெயரெழுதி அவளை எப்படி மண்ணில் வைப்பது? வெட்கமாகவும் இருந்தது. ஒரு பெயர் அவளைக் காப்பாற்றிவிடும் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள்.

"சோயின்னே எழுதச் சொல்லுங்க. நீங்க சொன்ன நாள்லேந்து நான் அவள அப்படித்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டா என் விரலப் பிடிச்சுப்பா."