எது பர்மா வீடு?

இன்று மின் இணைப்புக் கொடுக்கப் போய் அரை நாள் வீண்.

காரைக்குடியில் கதவு எண் கேட்டால் யாருக்கும் தெரியாது. மலாயா வீடு, சைகோன் வீடு என்று வீட்டுச் செட்டியார் அந்தக் காலத்தில் தொழில் செய்யப் போன ஊர்தான் விலாசம்.

"பர்மா வீடு" என்று சொல்லி மின்வாரிய அலுவலகத்தில் அனுப்பினார்கள். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டில் ஏணியைச் சாத்தினேன்.

எதிர்வீட்டு அக்கா கத்தினார்: "அங்குட்டு ஏன் ஏறுறீக? அவுகல்லாம் மெட்ராசுல இருக்காக. கரண்டு கேட்டது நாங்க. சாயங்காலம் பலகாரக் கடை திறக்கணும்!"

அவர் பர்மாவின் ரங்கூனிலிருந்து அகதிக் கப்பலில் வந்தவர்; அதனால் அவர் வீடும் பர்மா வீடுதானாம்.

"ரெண்டு பர்மா வீடு இருந்தா நான் என்ன செய்ய? வேற பேர் சொல்லுங்கக்கா."

"நாங்க இனி எங்குட்டும் போறதா இல்ல. காரைக்குடி வீடுன்னு எழுதிக்கங்க தம்பி."

எழுதிவிட்டேன். கடையில் விளக்கு எரிகிறது. இந்த ஊரில் அந்தப் பெயரில் வேறு வீடு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மறுபடி ஏணி தூக்க என்னால் ஆகாது.