பதினான்கு மணி நேரம் என்று சொன்னேன்

என் அம்மா சிங்கப்பூருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக, சென்னையிலிருந்து இங்கே வரப் பதினான்கு மணி நேரம் பறக்க வேண்டும் என்று பொய் சொன்னவள் நான்.

உண்மையில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். தூரம் ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர்தான்.

ஏன் சொன்னேன்? அவளுடைய முழங்கால் வலியை நினைத்துச் சொன்னதாகச் சில காலம் எனக்கே கதை கட்டிக்கொண்டேன். நீங்கள் நம்பாதீர்கள்! அம்மா சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் தரை துடைக்கிறாள். அந்தச் சம்பளத்தில் படித்து, அதே போன்ற ஓர் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நான், இங்குள்ள தோழிகளிடம் அவளை ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சொல்லியிருந்தேன். நா கூசவில்லை எனக்கு... சீ!

எனக்குப் பெண் பிறந்ததும், பேத்தியைப் பார்க்க அவள் பாஸ்போர்ட் எடுத்தாள். எங்கள் ஊரான திருப்போரூரிலிருந்து தனியாகவே அலைந்து வாங்கியிருந்தாள். வீடியோ அழைப்பில் அதைப் பிரித்துக் காட்டி, எவ்வளவு நேரம் உட்கார்ந்து வர வேண்டும் என்று கேட்டாள். பதினான்கு மணி நேரம் என்றேன். காலை நீட்ட இடமிருக்காது, வீங்கிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட்டை மூடி வைத்தவள், "அப்ப வோணாம்மா. கொழந்தைய பாத்துக்கோ" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது... ஆம், நிம்மதி! முகம் சுளிக்கிறீர்களா? நன்றாகச் சுளியுங்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் குழந்தையோடு ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தாள். தன் மகன் சிங்கப்பூரில் காலை நாஸ்தாவை முடித்துவிட்டுக் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னாள். நான் குழந்தையின் பக்கம் குனிந்துகொண்டேன்.

அம்மா நிதானமாகச் சொன்னாள். "அது நேரா வர்ற பிளேனு. எம் பொண்ணு கீற எடம் ரொம்பத் தள்ளி. சுத்திகினுதான் வரணும்."

அந்த அக்கா போன பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"நாலு மணி நேரம்னு எனக்கு அப்பவே தெரியும். ஆபீஸ்ல ஒரு பொண்ணு போன்ல பாத்து சொல்ச்சி."

"ஏம்மா என்கிட்ட கேக்கல?"

"இன்னாத்த கேக்கறது? வராதன்னு சொல்ல முடியாம நேரத்த சொன்ன. புரிஞ்சிச்சி, வுட்டுட்டேன்."

அப்போதாவது அவள் காலைப் பிடித்தேனா? என்னோடு வா என்றேனா? குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்றேன். அவ்வளவு கேவலமானவள்!

நான் புறப்பட்ட நாளில், மாமல்லபுரத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை மூன்று பைகளுக்குள் இறுகக் கட்டிக் கொடுத்தாள். "வாசன வராது. ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். வாங்கிக்கொண்டேன். விமான நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து, கருவாடு எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். குழம்பா, வறுவலா என்று கேட்டாள். வறுவல் என்றேன்...

சரி என்றாள். அதை நம்பித்தான் சொன்னாளா என்று கேட்க, இன்றுவரை எனக்குத் துணிவில்லை.