இடப்பக்கம் இல்லாமல் போன நேரம்

"...பிள்ளை பெறப் போறது நானோ நீரோ? உம்மடை முகம் ஏன் இப்பிடி வெளுத்துக் கிடக்குது?" என்று அந்த அக்கா கேட்டபோது, அவருடைய முகத்தில் பாதிதான் எனக்குத் தெரிந்தது.

1984ஆம் ஆண்டு. எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு அவரை வள்ளத்தில் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். விடியவே நோவு கண்டுவிட்டது. கூடவே அவருடைய தாயும் இன்னும் நாலைந்து பேரும். நான் முன்னால், அணியத்தில் இருந்தேன். கரையை நெருங்க நெருங்கக் கல் நிறைந்த கடல். பின்னால் இயந்திரம் பிடிக்கிற அண்ணைக்கு ஆட்கள் மறைக்கும். கத்தினாலும் சத்தத்தில் கேளாது. ஆகவே கல் தெரிகிற பக்கத்துக் கையை நான் தூக்கிக் காட்ட வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

முதலில் மீன் செதிலைப்போல ஒரு மினுக்கம். வெயில் தண்ணீரில் அடிக்கிறது என்று நினைத்தேன். அது மரம் அரிகிற வாளின் பல்லுப்போல வளைந்து வளைந்து பெரிதாகியது. இடது கண்ணைப் பொத்தினேன், இருந்தது. வலதைப் பொத்தினேன், அப்போதும் இருந்தது. உப்புத் தண்ணீரால் கழுவினேன்; கண் எரிந்ததுதான் மிச்சம். பிறகு இடப்பக்கம் முழுவதும் காணாமல் போய்விட்டது. இருட்டாகவும் இல்லை, அந்தப் பக்கமே இல்லை! தலை கொஞ்சமும் இடிக்கவில்லை. இதை என்னவென்று சொல்வது? அதுவும் நோவோடு துடிக்கிற ஒருத்தரிடம்? ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டேன்.

அடுத்த நிமிடம் வள்ளத்தின் அடி கல்லில் உரசியது. அக்கா "ஐயோ அம்மா" என்று வயிற்றைப் பிடித்தார். அண்ணை இயந்திரத்தைத் தணித்துவிட்டு, "டேய், கையை வீட்டிலை வைச்சிட்டே வந்தனி?" என்று கத்தினார்.

என் வாயில் வந்தது இதுதான்: "எனக்கு இடப்பக்கம் இல்லை அக்கா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "கண் தெரியேல்லையெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே. நானும் கடல்காரன்ர மகள்தான். தள்ளி இரும்."

அரை மணித்தியாலத்தில் பார்வை திரும்பியது. அதன்பிறகுதான் மண்டையின் ஒரு பக்கம் பிளக்கத் தொடங்கி, ஆஸ்பத்திரி வாசலில் குமட்டிச் சத்தி எடுத்தேன். மத்தியானத்துக்குள் அவருக்குச் சுகமாக ஒரு பெண் பிள்ளை. எனக்கு வந்ததன் பெயர் ஒற்றைத் தலையிடி, சிலருக்கு வெளிச்சம் காட்டிவிட்டுத்தான் வரும் என்று ஒரு வைத்தியர் எனக்குச் சொன்னது பல வருடங்கள் கழித்து. ஆனாலும் இன்றைக்கும் கண்ணோரம் மினுங்கத் தொடங்கினால் நான் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவேன். அந்தப் பெயர் பிறகுதான் ஞாபகம் வரும், முதலில் வருவது அந்த அக்காதான்.

அன்றைக்கு என்னைத் தள்ளி இருக்கச் சொன்ன கையோடு அவர் வயிற்றைத் தாங்கியபடி அரக்கி அரக்கி நகர்ந்து அணியத்துக்கு வந்தார், நோவு வரும்போதெல்லாம் ஒரு கையால் என் தோளை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கிக் கல்லைக் காட்டினார்.