கதிர் பட்டதெல்லாம்

எனக்கு இரண்டு ஆராய்ச்சி. முதலாவது அணுக்கருவைப் பற்றியது. நியூட்ரான் ஒன்று தங்கத்தின் கருவுக்குள் புகுந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்பதிலேயே என் இருபதுகள் முழுக்கப் போயின. இரண்டாவது, நாற்பதைத் தாண்டிய பிறகு பிடித்துக்கொண்டது. பாடம் ஒன்று இளம் மண்டைக்குள் புகுந்தால் என்ன நடக்கும் என்பது அது. பெங்களூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். முதல் ஆராய்ச்சியைச் சொன்னால் மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவே மரியாதையாகப் பார்க்கும். இரண்டாவதைச் சொன்னால், "ஓ, டீச்சர் ட்ரெய்னிங் மாதிரியா?" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கருவாவது ஒரே மாதிரி நடந்துகொள்ளும், பிள்ளைகள் அப்படியா?

இந்த இரண்டாவது வேலையில் நான் செய்வது இதுதான். தேர்வு முடிந்த பிறகு மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ரெக்கார்டரைப் போட்டு, எளிய கேள்விகள் கேட்பேன். கணக்குப் போடும் வேலையே கிடையாது. மனதில் ஓடுவதை அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: திருத்தக் கூடாது. எவ்வளவு தப்பாகச் சொன்னாலும் புருவத்தைத் தூக்கக் கூடாது. "ம், அப்புறம்?" என்று மட்டும் கேட்கலாம். இரண்டு வாரம் கழித்து அதே மாணவரிடம் மறுபடி கேட்போம். நடுவில் நாம் வாயைத் திறந்துவிட்டால், இரண்டாம் முறை அவர் சொல்வது அவரே கற்றதா, நாம் ஊட்டியதா என்று தெரியாமல் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத கலை. கஷ்டப்பட்டுப் பழகினேன். பழகியதில் ஒரு கர்வமும் வந்துவிட்டது.

அன்று புதன்கிழமை. வந்து உட்கார்ந்தவள் வகுப்பின் முதல் மாணவி. ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அணுக்கரு இயற்பியல் தாளில் அவளுக்கு இரண்டே மதிப்பெண் குறைவு. அதுவும் கையெழுத்துக்காக நான் குறைத்தது.

"ஒரு ஆப்பிள். அது மேல காமா கதிரை நல்லா பாய்ச்சிட்டு மெஷினை ஆஃப் பண்ணிட்டோம். இப்ப அந்த ஆப்பிள் கதிர் வீசுமா?" என்று கேட்டேன்.

"வீசும் மேடம்." யோசிக்கவே இல்லை.

"ம், அப்புறம்?"

"கொஞ்சம் கொஞ்சமா கொறையும். ஹாஃப் லைஃப் கணக்குல. ஆனா முழுசா ஜீரோ ஆகாது."

"ம், அப்புறம்?"

"எங்க அம்மாக்கே இப்ப ரேடியேஷன் நடக்குது மேடம். மார்புல கட்டி, ஆபரேஷன் ஆச்சு. அஞ்சு வாரமா ஆஸ்பத்திரில மெஷின் கீழ படுக்கவெச்சுக் குடுக்கறாங்க. அதான் அம்மாவ முன் ரூம்ல தனியா வெச்சிருக்கோம். தட்டு, டம்ளர், பெட்ஷீட் எல்லாம் தனி. அண்ணன் பொண்ணுக்குப் பத்து மாசம், அவள கிட்டயே விடறதில்ல. கொழந்தைங்களுக்கு செல் வேகமா பிரியும்ல, அவங்களத்தான மொதல்ல பாதிக்கும்."

"ம், அப்புறம்?"

"நர்ஸு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அவங்க சும்மா தைரியத்துக்குச் சொல்றாங்க மேடம். நீங்கதான கிளாஸ்ல சொன்னீங்க, கதிர் பட்டதெல்லாம் கதிர் வீசும்னு."

நான் சொன்னதுதான். ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். நகத்தைவிட மெல்லிய தங்கத் தகட்டை அணு உலைக்குள் வைத்து எடுத்த கதை அது. உள்ளே போகும்போது சாதுவாகப் போன தங்கம், நியூட்ரான்களை வாங்கிக்கொண்டு, வெளியே வரும்போது தானே கதிர் வீசியது. வகுப்பு வாயைப் பிளந்து கேட்கும். முடிக்கும்போது மேஜையைத் தட்டி அந்த வாக்கியத்தைச் சொல்வேன். நியூட்ரானுக்குத்தான் அது பொருந்தும். அவள் அம்மாவுக்குக் கொடுக்கும் கதிர் அந்த வகை அல்ல, இயந்திரத்தை நிறுத்தியதும் உடம்பில் எதுவும் தங்காது. அதையும் பாடத்தில் எங்கோ சொல்லியிருக்கிறேன், மேஜையைத் தட்டாமல்.

நான் மறுபடி "ம், அப்புறம்?" என்றேன். அவளுக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை. நன்றி சொல்லி, வழக்கம்போல ஒரு சமோசா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் போனதும் எனக்கு வந்தது சந்தோஷம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை அடிப்படையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் என்று மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இதோ, கையில் சாட்சி! நோட்டில் "அருமையான உதாரணம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். கேன்டீனில் சக ஆசிரியர் ஒருவரிடம் காப்பியோடு அதைச் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை, பேட்டியை எழுத்தாக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "அவள கிட்டயே விடறதில்ல" என்கிறாள் அவள். பிறகு ஒரு குரல், பேங்க் கவுன்டரில் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற மாதிரி, "ம், அப்புறம்?" என்கிறது. அது என் குரல் என்று உறைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டேன். அதே நிதானம். ஒரு வீட்டில் அம்மா ஒருத்தி தட்டும் டம்ளரும் தனியாக ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறாள், காரணம் என் வாக்கியம், அதைக் காதால் கேட்டுவிட்டு நான் சமோசா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஒரு வீட்டுச் சாப்பாட்டிலேயே விழுந்திருந்தது. மருத்துவம் படித்த தோழிக்குப் போன் போட்டு, உடம்புக்குள் மருந்தாகச் செலுத்தும் வகைக்குத்தான் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள், இதற்கு எந்த விலக்கும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டேன். பிறகு மாணவியிடம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி ஆட்டோ பிடித்தேன்.

இரண்டே அறை கொண்ட வீடு. முன்னறைக் கட்டிலில் அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளறைக்குப் போகும் வழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சாய்த்து அடைத்திருந்தார்கள், தவழும் குழந்தை தாண்டி வராமலிருக்க. குழந்தை அந்தப் பக்கத்திலிருந்து நாற்காலிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

என்னால் முன்னுரை எல்லாம் சொல்ல முடியவில்லை. "உங்க உடம்புல கதிர் எதுவும் இல்லம்மா. லைட்டை அணைச்சா வெளிச்சம் செவுத்துல ஒட்டிக்கிட்டா இருக்கும்? அப்படித்தான் இதுவும். நீங்க யாரையும் தொடலாம், குழந்தையைத் தூக்கலாம்" என்றேன்.

அவர் முதலில் மகளைப் பார்த்தார். "அப்போ எம் பொண்ணு படிச்சது தப்பா மேடம்?"

"இல்லம்மா. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு."

"பரவால்ல மேடம்." அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. வேல செய்யற வீடுங்கள்ல எனக்குன்னு தனி டம்ளர் வெச்சிருப்பாங்க, இருவது வருஷமா அதுலதான் காப்பி. ஆனா அவங்க எதுக்குன்னு சொல்ல மாட்டாங்க. எம் பொண்ணு காரணத்தோட சொல்லிச்சு. படிச்ச பொண்ணு, சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

எங்கள் சமையலறை ஜன்னலிலும் அப்படி ஒரு டம்ளர் இருக்கிறது, வேலைக்கு வரும் பெண்ணுக்கு. அதற்கு என்ன காரணம் என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

மாணவி சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மேடம், புதன்கிழமையே உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள். "நான் எல்லாத்தையும் சொன்னேன். நீங்க கேட்டுட்டுதான இருந்தீங்க? ஏன் அன்னிக்கே சொல்லல?"

விதியைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். இரண்டாம் சுற்று, இரண்டு வாரம், ஊட்டியதா கற்றதா. அந்த அறையில் அதில் ஒரு சொல்லைக்கூட உச்சரிக்க எனக்கு நா எழவில்லை. "தப்பு பண்ணிட்டேன்மா" என்றேன்.

"மேடத்தப் போய் அப்படிக் கேக்கறியேடி" என்று அம்மா அதட்டினார். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குழந்தையைத் தூக்கி வந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

குழந்தை அந்த முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தது. அப்புறம் உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழ ஆரம்பித்தது. அத்தையை நோக்கி இரண்டு கையையும் நீட்டியது. ஐந்து வாரத்தில் அதற்குப் பாட்டி மறந்துபோயிருந்தாள்.

அவர் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "பழகிக்குவா மேடம்" என்றார் சிரித்தபடி. "இன்னும் எத்தினி நாளு இருக்குது."

எத்தனை நாள் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதில் நான்கு நாளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.