உள்ளே விட்ட துணி

தையல்காரி யாருக்குத் தைத்தாலும் இடுப்பில் இரண்டு விரற்கடைத் துணியை உள்ளே மடித்து விடுவாள்; வயிறு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். தனக்குத் தைப்பதிலும் அப்படித்தான். புருஷன் சிறைக்குப் போனபின் ஐந்து வருஷமாக மெஷின் சத்தம்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

குழந்தை உண்டாவதற்கான சிகிச்சைக்காகப் புருஷனைப் பதினைந்து நாள் விடச் சொல்லி மனுப் போட்டிருந்தாள். சிறை அலுவலகக் குமாஸ்தா அதைத் திருப்பி நீட்டினார்.

"சாவு, கல்யாணம்னா விடுவாங்கம்மா. இதுக்கு விதியில இடமில்ல. இன்னும் ஒம்பது வருஷம்தானே, பொறுத்துக்குங்க."

பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவர் பொறுத்துக்குவாருங்க. எனக்கு இப்பவே முப்பத்தொம்பது."

"தண்டனை உங்களுக்கில்லையேம்மா, அவருக்குத்தானே."

வீட்டுக்கு வந்தவள், பாதி தைத்துக் கிடந்த தன் சட்டையை எடுத்து, உள்ளே விட்டிருந்த இரண்டு விரற்கடையையும் ஒட்ட வெட்டிப் போட்டாள்.