மதினியின் பர்மாக்காரி

என் அண்ணன் காளிராஜ் ரங்கூனிலிருந்து பாதி தூரம் நடந்தே சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தது நாற்பத்திரண்டில். ஒன்பது வருஷம் அங்கே அரிசி மில்லில் வேலை. திரும்பும்போது கொண்டுவந்தது ஒரு கிழிந்த கைலியும் ஒரு வழக்கமும்தான். விடியுமுன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளில் அடைக்கலம் கொடுத்த புத்த பிக்கு சொல்லிக்கொடுத்ததாம்.

மாடத்தி மதினிக்கு அது பொறுக்கவில்லை. ஒன்பது வருஷம் தனியாகக் கிடந்தவள். திரும்பி வந்த புருஷன் எதிரே நிற்பவளை விட்டுவிட்டுக் கண்ணுக்குள்ளே எவளையோ பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஆகும்? பர்மாக்காரி என்று முடிவே கட்டிவிட்டாள். அவளுடைய நிறம், கொண்டைப்பூ, வாயில் சுருட்டு எல்லாவற்றையும் மதினியே ஜோடித்துக்கொண்டாள். குழம்பில் உப்பு கூடினால்கூட அந்தப் பர்மாக்காரிக்குத்தான் ஏச்சு.

நாலு வருஷம் இப்படியே போனது.

"அவ செத்து ஆவியா வந்து பிடிச்சிருக்கா. எனக்குத் தெரியாதா?" என்றாள் என்னிடம்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை, அண்ணன் நெற்றியில் புற்றுமண்ணை அப்பி, கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கும் சக்கரக் குழியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். பேய் பிடித்தவர்கள் அதில் உட்கார்ந்தால் ஆடுவார்கள், அலறுவார்கள், பிடித்தது இறங்கிப் போகும் என்பது ஊர் நம்பிக்கை. துணைக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான்.

அண்ணன் ஆடவில்லை. நல்ல இடம் கிடைத்ததென்று சம்மணம் போட்டுக் கண்ணை மூடிவிட்டான். காத்திருந்த பெண்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மன் முன்னால சொல்லுங்க. உள்ள யாரு இருக்கா?"

அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"நம்மளுதுன்னு பிடிச்சு வச்சிருக்கத ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து விட்டுரணும்ட்டி. எல்லாம் போனபொறவு மிஞ்சுததுதான் நாம யாருங்கதுன்னு பிக்கு சொன்னாரு. மில்லு போச்சு. சம்பாத்தியம் போச்சு. வழியில செத்த கூட்டாளிக மொகமும் போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் போகமாட்டேங்கு. அதுக்குத்தான் தெனமும் உக்காருதேன்."

"அவதான! பேரச் சொல்லுங்க!"

"மாடத்தி."

மதினியின் கை தோளிலேயே நின்றுவிட்டது. மதினியை மனசிலிருந்து வெளியேற்றத்தானே மனுஷன் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறான், இன்றைக்கு வீட்டில் ரகளைதான் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியுமுன் அண்ணன் கண்ணை மூடியதும், தலைநிறையப் பிச்சிப்பூவோடு மதினி எதிரே முறத்தைப் போட்டு உட்கார்ந்து, வளையல் குலுங்க அரிசி புடைத்தாள். "எப்படிப் போறேன்னு பாத்துருவோம்" என்றாள். அண்ணன் சாகும்வரை, பன்னிரண்டு வருஷம், ஒருநாள் தவறவில்லை. அவனும் உட்காருவதை விடவில்லை.

தெருவே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் ஊரைவிட்டு எங்கும் போனதில்லை. எதிரே உட்கார்ந்து, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டுதான் சாப்பிடுவார். மறக்க வேண்டும் என்பதற்காகக்கூட அவர் என்னை நினைத்ததில்லை. வயிற்றெரிச்சல்தான். மறைப்பானேன்?