காலேஜுத் திடலில் குப்புற விழுந்த டிரைவர்

அர்ச்சுனனுக்கு இரண்டே பைத்தியம். ஒன்று பந்தாட்டம், இன்னொன்று அவன் பெற்ற மூன்று பிள்ளைகள். இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டான் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மந்தினிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டத்தில் அவன் லோரி டிரைவர். சனிக்கிழமை காலையில் ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போவான். இறக்கி முடிய மத்தியானம் ஆகிவிடும். ஊரடங்குக்கு முன்னால் லோரி தோட்டத்து கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். நடுவில் கிடைக்கும் பொழுதில் அம்பாங்கான் பக்கத்துக் காலேஜுத் திடலில் ஆட்டம் பார்க்கப் போய் நின்றுவிடுவான். "எஞ்சின் சூடாயிருச்சு கிராணி, ஆற வெச்சு ஓட்டிட்டு வந்தேன்" என்று தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் வந்து புளுகுவான். சனிக்கிழமை மட்டும் சூடாகும் எஞ்சினைக் கிராணியும் ரொம்ப நாள் நம்பினார்.

அவன் மனைவி மயிலம்மாள் நம்பவில்லை.

"நான் பால் வெட்டுக்குப் போய்ட்டு வந்து துணி அலசி, வெறகு பொறக்கணும். நீங்க பந்து பாக்கப் போவீங்க. போங்க, யாரு வேணாம்னா? மூணையும் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள்.

ரோட்டில் ஆபத்து இல்லையா என்றால், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் மட்டும் இல்லையா? சுற்றிலும் முள்கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ரப்பர் மரம், மரத்துக்கு அப்பால் காடு, காட்டுக்குள் வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கியோடு ஆட்கள். அதனால் அவன் மறுபேச்சுப் பேசாமல் மூன்றையும் லோரியின் முன்பக்கத்தில் அடைத்துக்கொண்டான். மூத்தவள் செல்லம், நடுவில் முருகையா, கடைக்குட்டி பஞ்சாலை.

கேட்டைத் தாண்டுவதே பெரும் கூத்து. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, தோட்டத்தைவிட்டு ஒரு பருக்கைச் சோறு வெளியே போகக்கூடாது. ஆகவே மயிலம்மாள் கிளம்புமுன்பே பிள்ளைகளுக்குத் திணி திணியென்று திணித்து அனுப்புவாள். கேட்டில் நின்ற காவல்காரன் அகமது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதிப்பான். ஒரு தடவை பஞ்சாலையின் கன்னம் உப்பி இருந்ததைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொன்னான். உள்ளே அரை பிஸ்கட். அதை அவள் விழுங்கி முடிக்கும்வரை லோரி நின்றது. பின்னால் தண்ணீர் லோரியும் நின்றது. அவள் அவசரப்படவே இல்லை, பாவி மகள்.

பிள்ளைகளோடு போன முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று.

தோட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். விசில் ஊதினால், எங்கே நின்றாலும் தடாலென்று குப்புற விழ வேண்டும். பெரியவர்கள் "எந்திரி" என்று சொல்லும்வரை தலையைத் தூக்கக்கூடாது. துப்பாக்கிச் சூடு நடந்தால் உயிர் பிழைக்க வேறு வழியில்லை. வாரத்துக்கு ஒருமுறை அகமதுதான் ஊதிப் பழக்குவான். பெற்றவர்கள் சொன்ன எந்தப் பேச்சையும் கேட்காத அர்ச்சுனன் பிள்ளைகள் இந்த ஒன்றில் மட்டும் கெட்டி. லைனிலேயே முதலில் விழுவது அதுகள்தான்.

காலேஜுத் திடலில் ஆட்டம் நடத்தும் ரெப்ரி வந்து நின்றார். விசிலை ஊதினார். மூன்றும் பொத்தென்று விழுந்தன.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தவர், சிரம்பானில் துணிக்கடை வைத்திருந்த வைரவன் செட்டியார். பிள்ளைகள் விழுந்ததைப் பார்த்தார். காலம் கெட்டுக் கிடந்த காலம் அல்லவா? "முருகா! சுடுறாங்கடா!" என்று கத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் படுத்தார்கள். கோல் காவலனும் படுத்துவிட்டான். அன்றைய முதல் கோல் அப்படித்தான் விழுந்தது.

செட்டியார் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஏம்ப்பா டிரைவரு, பிள்ளை வளக்கிறியா, பட்டாளம் வளக்கிறியா?"

அர்ச்சுனனுக்குக் கூசிப்போயிற்று. லோரிக்குப் பின்னால் மூன்றையும் நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினான்.

"இது வெளையாட்டு விசிலு. இதுக்கு விழக்கூடாது. தெரிஞ்சுதா?"

"அது எப்படிப்பா தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதான கத்துது?" என்றாள் செல்லம்.

"என்னையப் பாரு. நான் நின்னா நீயும் நில்லு."

செல்லம் அதைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவளைப் பார்த்து மற்ற இரண்டும் நின்றன. அதன்பிறகு பல சனிக்கிழமைகள் சுகமாக ஓடின. முருகையா விசில் கேட்டதும் "பிரிகிக்கு!" என்று கத்தக் கற்றுக்கொண்டான். பஞ்சாலை எவன் பந்தைத் தொட்டாலும் "கோலு!" என்றாள். செட்டியார்கூட அவளுக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார். இதைவிடச் சந்தோஷம் ஒரு மனிதனுக்கு வேறென்ன இருக்கிறது என்று அர்ச்சுனன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், லைனில் எல்லாரும் குழாயடியில் இருந்த நேரம், வேலியோரமாக விசில் கேட்டது. பழக்கும் நாள் அல்ல. நிஜ விசில். குடத்தைப் போட்டுவிட்டு லைனே தரையோடு தரையாகப் படுத்தது. அர்ச்சுனன் லோரிக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து பார்த்தான். திடல் விசிலுக்கு நின்று நின்று பழகிப்போனவன், என்ன சத்தம் என்று யோசித்துக்கொண்டே மரம் மாதிரி நின்றான்.

அவனுக்கு நேர் எதிரே, வெட்டவெளியில், அவன் பிள்ளைகள் மூன்றும் அவனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தன.

"பிரிகிக்கு!" என்றான் முருகையா.

அர்ச்சுனன் ஓடினான். அவன் போய்ச் சேருமுன் மயிலம்மாள் பாய்ந்து மூன்றையும் தனக்கடியில் போட்டு அமுக்கியிருந்தாள். முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. கடைசியில் பார்த்தால், வேலியை முட்டியது ஒரு காட்டுப்பன்றி. லைன் முழுக்கச் சிரித்தது. மயிலம்மாள் சிரிக்கவில்லை.

"பன்னியா இல்லாம ஆளா இருந்திருந்தா? சொல்லுங்க! உங்க பந்துக்கு எம்பிள்ளைங்கள வாரிக் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

அர்ச்சுனன் செல்லத்தைக் கூப்பிட்டு, "ஏன் ஆயி விழல?" என்று மட்டும் கேட்டான்.

"நீ நின்னியேப்பா" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை இறுதியாட்டம். கேடயத்துக்கான ஆட்டம். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தான். ஆனால் போகாவிட்டால் பிள்ளைகள் கற்ற கெட்ட பாடம் அப்படியே அல்லவா நின்றுவிடும்? விசிலுக்கு நிற்கச் சொல்லித் தந்தது அந்தத் திடலில். அதை அழிப்பதும் அதே திடலில்தான் என்று அவனுக்குப் பட்டது. மயிலம்மாளிடம் சொன்னான். அவள் அவனை முறைத்தாள்.

"விழுவீங்களா? வெள்ளச் சட்ட போட்டவங்க எல்லாம் பாப்பாங்க."

"விழறேன்."

"பந்தப் பாக்க முடியாது."

அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "விழறேன் மயிலு" என்றான்.

விழுந்தான். அடேயப்பா, என்னமாய் விழுந்தான்! ரெப்ரி முதல் விசில் ஊத, வளர்ந்த ஆம்பளை, மீசை வைத்தவன், துவைத்துப் போட்ட சட்டையோடு பொத்தென்று புல்லில் குப்புற விழுந்தான். பக்கத்தில் வரிசையாக மூன்று பிள்ளைகள். "எந்திரி" என்றான், எழுந்தார்கள். ஒருவன் காலை வாரிவிட்டான், விசில், விழுந்தார்கள். பந்து கையில் பட்டது, விசில், விழுந்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் திடல் சேறு வேறு. காலேஜுப் பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். செட்டியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எட்டப் போய் உட்கார்ந்தார்.

"டிரைவரு, உடம்புக்கு ஏதும் சரியில்லையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கேன் செட்டியாரே" என்று சேற்றிலிருந்து பதில் வந்தது.

ஆட்டம் சரிசமமாகவே போய்க் கடைசி நிமிடத்துக்கு வந்தது. கோலுக்கு முன்னால் ஒருவனை இடித்துத் தள்ளினார்கள். விசில். விழுந்து எழுந்து பார்த்தால், பெனால்டி! காலேஜு அணியின் தலைவனே பந்தை வைக்கிறான். அர்ச்சுனன் இப்படி ஒரு நிமிடத்துக்காகத்தானே இத்தனை சனிக்கிழமை புளுகினான்? ஆனால் பெனால்டி அடிக்குமுன் ரெப்ரி ஊதியே ஆக வேண்டும். அந்த நாசமாய்ப் போன சட்டத்தை எவன் போட்டானோ.

ஊதினார். நான்கு பேரும் விழுந்தார்கள்.

திடலே மூச்சடங்கிக் கிடந்தது. ஓடிவரும் காலடி கேட்டது. ஒரே ஒரு தடவை, ஒரு கண்ணை மட்டும் தூக்கினால் போதும். யாருக்குத் தெரியும்? கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கைப் புல்லுக்குள் புதைத்தான். உதை விழுந்த சத்தம் கேட்டது. திடல் முழுக்க ஒரே கூச்சல். அது கோல் விழுந்த கூச்சலா, தவறிய கூச்சலா என்றுகூடத் தெரியவில்லை.

"எந்திரி" என்று கத்திக்கொண்டே திரும்பினான். "செல்லம்! கோலாம்மா? நீ பாத்தியா?"

கன்னமெல்லாம் சேறு அப்பியிருந்த செல்லம் எழாமலே படுத்திருந்தாள். தரையில் கன்னம் வைத்து, அவன் பக்கமாக முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"இல்லப்பா. நீ தலையத் தூக்குறியான்னு உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "நீ தூக்கல. நாங்களும் தூக்கல."